புதுப்பிப்பு: டிக் டிக் என்று நின்ற ஹார்ட் டிஸ்க்

அக்காவின் கலியாணப் படங்கள் உள்ள போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க், என் பழைய லப்டொப்பில் செருகினால் டிக் டிக் என்று நின்றுவிடுகிறது என்று போன கிழமை கேட்டிருந்தேன். இப்போது ஓடுகிறது! டிஸ்க்கில் பழுதில்லை, கரண்ட்தான் போதாமல் இருந்தது. யூஎஸ்பி 2.0 துளைக்கு 5 வோல்ற்றில் 500 மில்லிஅம்பியர்தான் கணக்கு. உள்ளே தட்டு சுழலத் தொடங்கும்போது அதைவிடக் கூட இழுக்கும். யூஎஸ்பி 3.0 என்றால் 900 வரை வரும், என்னுடையதில் அது இல்லை. கிளிநொச்சி டவுனில் தனி அடாப்டரில் கரண்ட் எடுக்கும் ஹப் (ஒரு யூஎஸ்பி துளையைப் பல துளைகளாக்கும் பெட்டி) ஒன்று வாங்கிச் செருகினேன், உடனே சுழன்றது. இன்னொன்று: நீளமான மெல்லிய வயர் வேண்டாம், வோல்ற்றேஜ் இறங்கும். எங்கள் பக்கம் கரண்ட் போனால் ஹப்பின் அடாப்டரும் நிற்கும், டிஸ்க்கின் தொடர்பு இடையில் அறுந்துவிடும். அதனால் படங்களை முதலில் லப்டொப்புக்குக் கொப்பி பண்ணுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.