சூடானதும் ஸ்கூட்டர் நிற்கிறது, பிளக் மாற்றியும் தீரவில்லை

மதுரையில் ஓடும் 2016 மாடல் 110 சிசி கார்புரேட்டர் ஸ்கூட்டர். போன மாதத்திலிருந்து, அரை மணி நேரம் ஓடி எஞ்சின் சூடானதும் திணறி நின்றுவிடுகிறது. ஆறினால்தான் மறுபடி ஸ்டார்ட் ஆகும். அப்பாவை ஆஸ்பத்திரிக்கு இதில்தான் கூட்டிப்போகிறேன், நடுவழியில் நின்றால் ரொம்பக் கஷ்டம்.

பழைய ஸ்பார்க் பிளக் முனை வெளிர் பழுப்பு, கரியோ எண்ணெயோ இல்லை. இருந்தாலும் அதே நம்பர் புது பிளக், இடைவெளி 0.8 மி.மீ. சரிபார்த்துப் போட்டாச்சு. ஏர் ஃபில்டரும் புதுசு. டேங்க் மூடியைத் தளர்த்தியும் ஓட்டிப் பார்த்தேன், மாற்றமில்லை. நின்ற உடனே பிளக்கைக் கழற்றி எஞ்சினில் தொடவைத்துக் கிக் அடித்தால் பொறி மஞ்சளாக, மெலிதாக வருகிறது. ஆறிய பிறகு நல்ல நீலம்.

மெக்கானிக் சிடிஐ (பொறி எப்போது வரணும் என்று கட்டுப்படுத்தும் எலக்ட்ரானிக் பெட்டி) என்கிறார், எனக்கு இக்னிஷன் காயில் (பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் சுருள்) மேல் சந்தேகம். இரண்டில் எது என்று, எதையும் வாங்காமல் மல்டிமீட்டர் வைத்தே கண்டுபிடிப்பது எப்படி?