4294967297: 64 புரிகிறது, 128 எப்படி?

வணக்கம் நண்பர்களே. 2-இன் 32-ஆம் அடுக்கோடு 1 கூட்டினால் வரும் 4294967297 பகா எண் என்றே கணிதவியலாளர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் இன்னொரு கணிதவியலாளரான ஆய்லர் அதை 641 × 6700417 என்று உடைத்தார். நானும் காகிதத்தில் பெருக்கிப் பார்த்தேன். கடைசி இலக்கம்வரை சரியாக வந்தபோது அவ்வளவு மகிழ்ச்சி!

இதன் பகாக் காரணி எதையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1. ஏனென்றால், அந்தக் காரணியால் வகுக்கும்போது, 2-இன் 64-ஆம் அடுக்குதான் முதன்முதலில் மீதி 1 தருகிறது. சரி, இது புரிகிறது. ஆனால் 128-ஆல் வகுத்தாலும் மீதி 1தானாம் (641 = 5 × 128 + 1). இங்கேதான் சிக்கிக்கொண்டேன். 8-ஆல் வகுக்க மீதி 1 வரும் பகா எண்ணுக்கு 2 ஒரு வர்க்க மீதி (அதாவது, ஏதோ ஒரு வர்க்க எண்ணை அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 2 வரும்) என்பதை வைத்துத்தான் 128 வருகிறதாம்; அது ஏன் அப்படி? எளிமையாக யாராவது விளக்குங்களேன்.

அப்புறம், 6700417-ஐ 257, 641, 769, 1153, 1409 ஆகியவற்றால் மட்டும் வகுத்தேன் (6700417-இன் வர்க்கமூலத்துக்குள், 128-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் பகா எண்கள் இவைதான்). எதிலும் மீதியின்றிப் போகவில்லை. அது பகா எண் என்று சொல்ல இது போதும்தானே?