பழைய தேக்கும் புது ஃப்ளாட்டும்: உங்க வீட்டுல நடந்ததைச் சொல்லுங்க

காரைக்குடி மரவேலை:
வீட்டு உள்வேலை கேட்டு வர்றவங்க போன்ல இப்ப எல்லாம் ஒரே படந்தான். வளைஞ்ச சோபா, டிவிக்குப் பின்னாடி வரிவரியா பள்ளம் போட்ட பேனல், பிரம்பு பின்னின கப்போர்டு கதவு, தரையில ஆத்தங்குடிக் கல், ஹால் நடுவுல ஒரு செட்டிநாட்டுத் தூண். படம் போட்டவர் எந்த ஊரோ, நம்ம தெருவுல நடந்தே இருக்க மாட்டார்.

சமீபத்துல சென்னையிலேர்ந்து ஒரு தம்பதி. பழைய வீட்டுச் சாமான் விக்கிற முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்குக் கூட்டிட்டுப் போனேன். பர்மா தேக்குத் தூண், மேல உத்திரத்தைத் தாங்குற போதிகையோட. பார்த்ததும் அந்தம்மா தொட்டுத் தொட்டுப் பார்க்குறாங்க. டேப்பை வெச்சேன், பதினோரு அடிக்கு மேல. அவங்க ஃப்ளாட்டுல தரைக்கும் தளத்துக்கும் ஒன்பதரை அடி. அதுலயும் ஃபால்ஸ் சீலிங் அரையடி கீழ இறங்குது. "கீழ ரெண்டரை அடி அறுத்துடலாமா அண்ணே?"ன்னு கேட்டார் வீட்டுக்காரர். கடைக்காரர் கால்குலேட்டரைக் கீழ வெச்சுட்டு, "நான் விக்கல தம்பி, வேற ஏதாச்சும் பாருங்க"ன்னுட்டார். வந்த காசை வேண்டாம்னு சொல்ற வியாபாரியை அன்னைக்குத்தான் பார்த்தேன்.

கடைசியில கணக்குப்பிள்ளை மேசை ஒண்ணு எடுத்தாங்க. தரையில உக்காந்து எழுதுற சாய்வுப் பலகை, உள்ள பேரேடு வைக்கிற பெட்டி. கீலை மட்டும் மாத்திக் குடுத்தேன். இப்ப அந்தம்மா அதுலதான் லேப்டாப் வெச்சு ஆபீஸ் வேலை பார்க்குறாங்களாம். பழைய சாமான் புது வீட்டுக்குப் போனா அங்கேயும் அதுக்கு ஒரு வேலை இருக்கணும், எனக்கு அவ்வளவுதான் கணக்கு. சும்மா நிறுத்தி வைக்கத்தான்னா, மரநாரை அழுத்திச் செஞ்ச எம்டிஎஃப் பலகையை சிஎன்சின்னு சொல்ற கம்ப்யூட்டர் மெஷின்ல வெட்டின தூணே போதும். விலையும் குறைச்சல், தூக்கவும் லேசு.

உங்க அனுபவம் என்ன?

கானாடுகாத்தான் வளவு:
நீங்க வாங்குறவங்க பக்கம் சொன்னீங்க, நான் வீட்டுப் பக்கம் சொல்றேன்.

எங்க வீடு பதினேழு புள்ளிக்கு, அதாவது கல்யாணமான பதினேழு பங்காளிக் குடும்பத்துக்குப் பொது. கல்யாணத்துக்கும், முன்னோருக்குக் கும்பிடுற படைப்புக்கும்தான் முழுசாத் திறப்போம். மத்த நாள்ல முகப்புல காவக்காரர், உள்முற்றத்து வளவுல புறா. பர்மாவுல லேவாதேவி நடந்த காலத்துல கட்டினது. 1942-ல ஜப்பான்காரன் உள்ள வந்ததும் அங்க இருந்தவங்க கையில கிடைச்சதோட வந்து சேர்ந்தாங்க, அதோட பணவரத்து நின்னுது. அப்பறம் இந்த அளவுல ஒரு வீட்டைப் பராமரிக்க யாராலயும் முடியல. பல வீடுகள் அப்படித்தான் நிலை, உத்திரம், சன்னல்னு பிரிஞ்சு கடைத்தெருவுக்கு வந்துச்சு. 2014-ல செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியல்ல சேர்த்தாங்க. நல்ல விஷயம், ஆனா அதுக்காகக் கூரைக்கு யாரும் ஓடு மாத்தித் தர்றதில்ல.

ஒரு புரோக்கர் வந்தார். பெங்களூர்ல ஒரு ஓட்டலுக்கு முகப்புத் தூண் எட்டும் வேணுமாம். அதுக்குப் பதிலா கான்கிரீட் தூண் நிறுத்தி, மரக்கலர் பெயின்ட் அடிச்சுத் தருவாராம். பங்காளிகள்ல ரெண்டு பேர் மனசு லேசா அசைஞ்சுது, மறைக்க மாட்டேன். பெரியாத்தா ஒண்ணும் சத்தம் போடல. "தூணை எடுக்கிறப்ப மேல இருக்கிற மச்சை நீங்க கையில தாங்கிப் பிடிச்சுக்குவீகளா அப்பச்சி?"ன்னு புரோக்கரைக் கேட்டாக. அவர் காப்பி குடிச்சுட்டுக் கிளம்பிட்டார்.

ஆனா ஒண்ணுமே விக்கலைன்னும் சொல்ல முடியாது. அந்தக் காலத்துச் சீர்ல எதையும் ஒண்ணு ரெண்டாக் குடுக்க மாட்டாக. ஸ்வீடன் முத்திரை போட்ட எனாமல் தூக்கு, கூஜா, வாளின்னு அறை நிறையக் கிடந்துச்சு. எல்லாப் புள்ளியும் கையெழுத்துப் போட்டு அதுல ஒரு பகுதியைக் குடுத்தோம். அந்தப் பணத்துல இரண்டாங்கட்டுக்கு ஓடு மாத்தி, முற்றத்துத் தூம்பைச் சரி பண்ணினோம். போன ஐப்பசி மழையில பட்டாலை மேடை ஒழுகல. அந்த எனாமல் தூக்கு இப்ப ஏதோ காபிக் கடையில பூச்சாடியா இருக்கும். இருக்கட்டும்.

தேவகோட்டை மருமக:
சமையக்கட்டைப் பத்தி யாரும் பேசலையே?

எங்க வீட்டுல மூன்றாங்கட்டு அடுப்படியை விட்டுட்டு, உள்ளயே மாடுலர் கிச்சன் போட்டோம். வடிவமைச்ச பையன் நல்ல பையன்தான், பளபளன்னு வெள்ளை லேமினேட், கைப்பிடியே இல்லாத கதவு. "தம்பி, இங்க வறுக்கிறது மிளகாயும் சோம்பும், மாசத்துல பாதி நாள் பலகாரம் சுடுவோம். எண்ணெய்க் கையோட எதைப் புடிச்சுத் திறக்கிறது?"ன்னேன். கைப்பிடி வந்துச்சு. வெள்ளை போயி மரக்கலர் வந்துச்சு.

அடுத்து டிராயர். டிராயர் ஓடுற சாதாரண சேனல் முப்பது கிலோ தாங்கும்னாங்க. எங்க மாமியாரோட உருளி, பித்தளை அண்டா எடை தெரியாம பேசுறாகன்னு, அடி டிராயரே வேண்டாம்னு சொல்லி அங்க கடப்பாக் கல் தட்டு வெச்சுட்டோம். ப்ளைவுட்டுல தண்ணி தாங்குற தரத்துக்கான ஐஎஸ் 710 முத்திரை பார்த்து வாங்கச் சொன்னது எங்க தச்சர். சிங்க்குக்குக் கீழ அதுதான் தாங்குது. ஹால் அலமாரிக்கு சாதாரண ஐஎஸ் 303 போதும்னு அவரே செலவைக் குறைச்சும் குடுத்தார்.

அம்மி மட்டும் பின்கட்டுலயே இருக்கு. அதுக்கு இன்னும் யாரும் டிராயர் கண்டுபிடிக்கல.

ஆத்தங்குடிக்காரன்:
எங்க கல்லு பேரு வந்துட்டதால சொல்றேன். இதைச் சூளையில சுடுறதில்ல. கண்ணாடிப் பலகை மேல சட்டம் வெச்சு, உள்ள பூ அச்சை இறக்கி, கலர் கலந்த சிமென்ட் குழம்பை ஒவ்வொரு கட்டமா ஊத்துவோம். அச்சை எடுத்துட்டு உலர்ந்த கலவையைத் தூவி, அதுக்கு மேல ஈரக் கலவை வெச்சு அமுக்கிச் சமன் பண்ணணும். அப்பறம் தண்ணித் தொட்டியில ஊற வெச்சுக் காய வைப்போம். கண்ணாடி பட்ட முகந்தான் அந்த வழவழப்பு, மெஷின் பாலிஷ் கிடையாது. கையால ஊத்துறதால ரெண்டு கல்லு ஒரே மாதிரி வராது. கலர் லேசா ஏறி இறங்கி இருக்குன்னு லாரியைத் திருப்பி அனுப்பின ஆளும் உண்டு. அதே பூவை அச்சடிச்ச விட்ரிஃபைட் டைல்ஸ் வாங்கிட்டுப் போங்கன்னு சொல்லி அனுப்பிட்டேன். கோவத்துல இல்ல, அவருக்கு அதுதான் பொருந்தும்.

ஃப்ளாட்டுக்கு எடுக்கிறவங்க கனத்தைப் பாருங்க. எங்க கல்லு முக்கால் அங்குலத்துக்குக் குறையாது, கீழ கலவை வேற. பழைய தரை மேலயே ஒட்டினா எல்லாக் கதவுக்கும் அடி இழைக்க வேண்டி வரும். ஒரு டாக்டர் வீட்டுல பால்கனி தண்ணி ஹாலுக்குள்ள திரும்பிடுச்சு, தரை உசந்த தினுசு அப்படி.

சிங்கப்பூர் பங்காளி:
கண்டெய்னர்ல ஊஞ்சல் பலகையும் நிலைக்கதவும் அனுப்பச் சொல்றவங்களுக்கு ஒண்ணு. நூறு வருஷம் தாண்டின கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி வழியில்ல. நூறு ஆகலைன்னா, இது தொல்பொருள் இல்லைன்னு தொல்லியல் துறைச் சான்றிதழ் வாங்கி வெச்சுக்குங்க. கப்பல்காரன் கேட்கிறப்ப ஓடக் கூடாது. நான் பிரம்பு போன பழைய சாய்வு நாற்காலியை அங்கேயே அப்பத்தா வீட்டுல விட்டுட்டு, அதே அளவுக்குப் புதுசாச் செய்யச் சொல்லி வரவழைச்சேன். உக்காந்தா வித்தியாசம் தெரியல.

தேவகோட்டை மருமக:
ஆத்தங்குடி அண்ணே, சாப்பாட்டு மேசைக்குக் கீழ ரசம் கொட்டிக் கறை நிக்குது. கடையில ஆசிட் விட்டுத் துடைக்கச் சொல்றாங்க.

ஆத்தங்குடிக்காரன்:
ஆசிட்டைத் தொடாதீங்க ஆச்சி, சிமென்டை அரிச்சுக் கலரோட எடுத்துட்டுப் போயிடும். புளியும் எலுமிச்சையும் சிந்தினா உடனே ஈரத் துணியால எடுத்துடுங்க. இப்ப நிக்கிற கறைக்கு நெல்லு உமியைப் போட்டு, லேசாத் தேங்காய் எண்ணெய் விட்டு, கோணிச் சாக்கால தேயுங்க. ஒரே தடவையில முழுசாப் போகாது. உமி கிடைக்கலைன்னா நம்ம தச்சர்கிட்ட மரத்தூள் கேளுங்க, சும்மாவே தருவார்.

காரைக்குடி மரவேலை:
சாக்கு மட்டும் கொண்டு வாங்க.