எபிடாரஸ் அரங்கில் நாணயம் விழுந்தால் கடைசி வரிசைக்குக் கேட்குமா?

யவனப்பயணி:
ஏதென்ஸிலிருந்து ஒரே நாளில் கிரேக்கத்தின் தென்பகுதியான பெலொப்பொனீஸ் சுற்றிவர நினைப்பவர்களுக்கு: கொரிந்து கால்வாய், மைசீனி, நாஃப்பிளியோ, கடைசியாக எபிடாரஸின் பழங்காலத் திறந்தவெளி நாடக அரங்கு. இதில் எபிடாரஸை மட்டும் வழிகாட்டி இல்லாமல் பார்க்கவே பார்க்காதீர்கள். இருக்கைகளுக்குக் கீழே நடிப்பதற்கென்று உள்ள வட்டத்தின் நடுக்கல்லில் நின்று அவர் ஒரு நாணயத்தைப் போடுவார். கடைசியான 55ஆவது வரிசையில் இருப்பவருக்குக் காலடியில் விழுந்த மாதிரி கேட்கும். கி.மு. 4ஆம் நூற்றாண்டுப் பொறியியல். இன்றைக்கு எவனாலும் முடியாது.

ஒலிப்பெட்டி:
காலடியிலா? ஆரம்பித்துவிட்டார் ஐயா. 2017இல் நெதர்லாந்தின் ஐன்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் அந்த அரங்கில் கருவி வைத்து அளந்த முடிவு வெளிவந்தது. நாணயம் விழுந்தால் 'என்னவோ சத்தம்' என்று உச்சி வரை எட்டும். அது நாணயம்தான் என்று தெரிவது பாதி உயரம் வரைதான். தீக்குச்சி உரசினால் இன்னும் மோசம். கிசுகிசுப்பு முன்வரிசையோடு சரி. ஆக, நாணயம் கடைசி வரிசைக்குக் கேட்காது.

யவனப்பயணி:
"உச்சி வரை எட்டும்" என்று எழுதிய கை காய்வதற்குள் "கேட்காது" என்றும் எழுதுகிறீர்கள். எட்டினால் கேட்டதுதானே? 2007இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகத்தில் நிக்கோ டெக்லெர்க் குழு என்ன சொன்னது என்று படித்தீர்களா? சுண்ணாம்புக்கல் இருக்கை வரிசைகளே ஒரு வடிகட்டி. சுமார் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே வரும் காற்றிரைச்சல், கூட்டத்தின் முணுமுணுப்பு எல்லாம் அமுங்கிவிடும், மேல் அலைவரிசை தப்பிவிடும். நாணயத்தின் 'கிணிங்' எந்தப் பக்கம்? மேல் பக்கம். கேட்கும்.

ஒலிப்பெட்டி:
சல்லடையில் சலித்தால் தவிடு போகும். மாவு கூடுமா? வடிகட்டி இரைச்சலைத்தான் குறைக்கும், சத்தத்தைப் பெருக்காது. நடுக்கல்லிலிருந்து உச்சி வரிசை கிட்டத்தட்ட 60 மீட்டர். திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் 6 டெசிபல் போய்விடும். 1 மீட்டரில் இருந்ததில் 60 மீட்டருக்குள் சுமார் 36 டெசிபல் காலி. தரையிலிருந்தும் கீழ்ப் படிகளிலிருந்தும் எதிரொலிப்பது கொஞ்சம் திரும்பிக் கிடைக்கும். அவ்வளவுதான். காலடியில் விழாது.

தொல்லியல்_தோழி:
இரண்டு பேரும் ஒரு நிமிடம் நில்லுங்கள். 'கேட்பது' என்றால் சத்தம் எட்டுவதா, இன்ன சத்தம் என்று அடையாளம் தெரிவதா? 'கடைசி வரிசை' என்றால் எது? கீழே 34 வரிசை, இடையில் நடைபாதை, மேலே 21 வரிசை. மேல் பகுதி பிற்காலத்தில் சேர்ந்தது என்பதே பரவலான கருத்து. அப்படியானால் முதலில் கட்டியவருக்கு 34தான் கடைசி. இன்னொன்று, வட்டத்துக்குப் பின்னால் இருந்த மேடைக் கட்டடம் இப்போது அடித்தளமாகத்தான் கிடக்கிறது. ஒலியைத் திருப்பியனுப்பிய சுவரே இல்லாமல் இன்று அளப்பது அன்றைய அரங்கை அளப்பது ஆகாது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அங்கே போன கிரேக்கப் பயண எழுத்தாளர் பௌசானியஸ், பாலிகிளைட்டஸ் கட்டிய இந்த அரங்கின் அழகையும் அளவொழுங்கையும் மெச்சுகிறார். அந்த இடத்தில் ஒலியைப் பற்றி மூச்சே விடவில்லை.

யவனப்பயணி:
அம்மணி, நான் 55 என்றுதான் எழுதினேன். 55தான். கேட்கும்.

ஒலிப்பெட்டி:
கேட்காது. போன மாதம் இதே ஆள்தான் மைசீனியின் தங்க முகமூடி, டிராய் போரில் கிரேக்கர்களுக்குத் தலைமை தாங்கியதாகக் கதை சொல்லும் மன்னன் அகமெம்னானுடையது என்று மூன்று நாள் மல்லுக்கட்டினார் என்பதை எல்லோருக்கும் ஞாபகப்படுத்துகிறேன். 1876இல் ஷ்லீமன் தோண்டியெடுத்த அந்த முகமூடி கி.மு. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. டிராய் போர் என்று சொல்லப்படும் காலத்துக்கு 300 வருஷம் முந்தையது. தாத்தாவின் தாத்தாவுக்குப் பேரன் பெயரை வைத்தவர் இப்போது நாணயத்தோடு வந்திருக்கிறார்.

யவனப்பயணி:
அருங்காட்சியகமே 'அகமெம்னான் முகமூடி' என்ற பெயரில்தானே அதைச் சொல்கிறது! அந்த இழையில் பதில் இல்லாமல் ஓடியது யார் என்று ஊருக்கே தெரியும். அந்தக் காய்ச்சலை இங்கே இறக்காதீர்கள்.

மூட்டை_முடிச்சு:
சண்டைக்கு நடுவே போகிறவர்களுக்கு உதவுகிற மாதிரி கொஞ்சம்.
வட்டத்தின் தரை முழுக்க அடித்து இறுக்கிய மண். கல் என்று இருப்பது விளிம்பு வளையமும் நடுவில் உள்ள அந்தச் சின்ன வட்டக்கல்லும்தான். நாணயம் கல்லின் விளிம்பில் பட்டு மண்ணில் உருண்டால் மூன்றாவது வரிசைக்கே கேட்காது. இடுப்பு உயரத்திலிருந்து, கல்லின் நடுவே, தட்டையாக விழ வேண்டும்.
ஜூலை, ஆகஸ்ட்டில் சுற்றிலும் பைன் மரங்களில் சிள்வண்டு. அதன் ரீங்காரமும் கீச்சுச் சத்தம்தான், யவனப்பயணியின் வடிகட்டி அதைப் பிடிக்காது. அதே மாதங்களில் விழா நாடகங்கள் நடப்பதால் வட்டத்தில் மேடைச் சாமான் கிடக்கும். சில நாள் நடுக்கல்லை நெருங்கவே முடியாது.
வண்டி எடுத்துப் போகிறவர்கள் வரைபடத்தில் வெறும் 'எபிடாரஸ்' என்று போடாதீர்கள். கடற்கரையில் பழைய எபிடாரஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது, அங்கேயும் ஒரு சின்ன அரங்கு உண்டு. பெரிய அரங்கு உள்நாட்டில், லிகூரியோ பக்கம், மருத்துவக் கடவுள் அஸ்கிலிப்பியஸின் கோயில் வளாகத்தில்.

தொல்லியல்_தோழி:
மைசீனியில் கோட்டையின் சிங்கவாசலோடு பேருந்தில் ஏறிவிடாதீர்கள் என்பதையும் சேருங்கள். அத்ரேயஸ் கருவூலம் என்கிற கல்லறை அதே சாலையில் அரை கிலோமீட்டர் கீழே இருக்கிறது, அதே சீட்டு செல்லும். வாசலுக்கு மேலே உள்ள உத்தரக்கல் ஒன்றே ஏறத்தாழ 120 டன். கல்லறைக்குள் நின்று கைதட்டினால் குவிமாடம் என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒலி பற்றித்தான் பேச வேண்டும் என்றால் அங்கே பேசலாம்.

ஒலிப்பெட்டி:
கைதட்டல் வேறு, நாணயம் வேறு. பேச்சை மாற்ற வேண்டாம். சிள்வண்டு பற்றி மூட்டை_முடிச்சு சொன்னது எனக்குச் சாதகம். நாணயம் கேட்காது.

யவனப்பயணி:
சிள்வண்டு கோடையில்தான். நவம்பரில் காலை எட்டு மணிக்கு, கூட்டம் வருமுன் போனால்? கேட்கும்.

ஒலிப்பெட்டி:
இப்போது நவம்பர் ஆகிவிட்டது. அடுத்து அமாவாசை, பௌர்ணமி வரும். முதல் பதிவில் மாதமும் இல்லை, மணியும் இல்லை. வழிகாட்டி நாணயம் போடும்போது என்ன நடக்கிறது தெரியுமா? "இப்போது நாணயம் போடுகிறேன்" என்று முதலிலேயே சத்தமாகச் சொல்லிவிடுகிறார். உரக்கப் பேசினால் கடைசி வரிசைக்குப் புரியும், ஐன்தோவன்காரர்களும் அதை ஒப்புக்கொள்கிறார்கள். மேலே இருப்பவர் காத்திருக்கிறார், ஒரு 'டிக்' வந்தால் நாணயம் என்று நினைத்துக்கொள்கிறார். சொல்லாமல் ஒரு நாள் சாவி, ஒரு நாள் கூழாங்கல், ஒரு நாள் நாணயம் போட்டு, எது விழுந்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பாதிக்கு மேலே உள்ள வரிசைகளில் திணறுவார்கள்.

யவனப்பயணி:
கிரேக்கத்தில் தொல்லிடங்களில் வழிகாட்டியாக இருக்க அரசு உரிமம் வேண்டும், அதற்கென்றே படிப்பு இருக்கிறது. அவர்களைக் கண்கட்டி வித்தைக்காரர்கள் என்கிறீர்களா?

ஒலிப்பெட்டி:
உரிமம் வரலாற்றுக்கு. காதுக்கு இல்லை.

மூட்டை_முடிச்சு:
நாஃப்பிளியோவில் பலமீடி கோட்டைக்கு ஏறுகிறவர்கள் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். '999 படி' என்பது ஊர்வழக்கு. எண்ணினால் குறைவாகத்தான் வரும்.

யவனப்பயணி:
999தான்.

ஒலிப்பெட்டி:
பார்த்தீர்களா! நெற்றிக்கண்ணைத் திறந்தாலும் குற்றம் குற்றமே. முகமூடி, நாணயம், இப்போது படி. நாணயம் கேட்காது.

தொல்லியல்_தோழி:
34ஆம் வரிசையா 55ஆம் வரிசையா என்று நான் கேட்டதற்கு ஒலிப்பெட்டி இன்னும் பதில் சொல்லவில்லை.

ஒலிப்பெட்டி:
எந்த வரிசையாக இருந்தால் என்ன?

யவனப்பயணி:
அப்படியென்றால் 34க்குக் கேட்கும் என்கிறீர்கள். எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்.