நாளுக்கு 3 பக்கமா?

கொடைமேகம்:
காமிக்ஸ் வரைய ஆசைப்படும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. மலைக்கு வந்துவிடுங்கள். 2018இல் குறிஞ்சி பூத்த சமயம் கொடைக்கானலில் அறை எடுத்துத் தங்கினேன். போனை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன், நாளுக்கு 3 பக்கம் வந்தது. கோயம்புத்தூரில் வாரம் முழுக்க முயன்றாலும் அது நடக்காது. தனிமை இருந்தால் போதும்.

கோத்தகிரி மைக்கூடு:
நாளுக்கு 3 பக்கமா? நான் ஆறு வருடமாகக் கோத்தகிரியில் இருந்து வரைகிறேன். கதை, பென்சில், மை, வசனம், வண்ணம் எல்லாம் நானேதான். ஆறு கட்டம் உள்ள பக்கம் என்றால் பென்சிலுக்கே ஒரு நாள் போய்விடும், மறுநாள்தான் மை. நவம்பரில் ஜன்னலைத் திறந்தால் மேகம் வீட்டுக்குள் வந்துவிடும். தாள் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நிப் பட்ட இடமெல்லாம் கோடு கசியும். காய்ந்துவிட்டது என்று நம்பி ரப்பரை வைத்தால் கறுப்பு மை பக்கம் முழுக்க இழுவிவிடும். அப்புறம் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். இதில் 3 பக்கம் எங்கிருந்து வரும்?

நடுவட்டத்தான்:
ஒரு சந்தேகம். பக்கம் என்று சொல்வது பென்சில் பக்கமா, மை போட்டு வசனம் எழுதி முடித்த பக்கமா?

கொடைமேகம்:
மை காயவில்லை என்றால் டேப்லெட் வாங்குங்கள், திரையில் ஈரம் ஏறாது. உங்கள் கைக்கு வேகம் இல்லாததற்கு மேகத்தைக் குறை சொல்லாதீர்கள். 3 பக்கம் வந்தது, வந்ததைச் சொன்னேன்.

கோத்தகிரி மைக்கூடு:
டேப்லெட் என்னிடமும் இருக்கிறது, வண்ணத்துக்கு அதுதான். மழை பிடித்தால் இங்கே கரண்ட் போய்விடும், மதியத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடும். சரி, கணக்குக்கு வருவோம். நாளுக்கு 3 பக்கம் என்றால் மாதம் 90 பக்கம். என் 64 பக்கப் புத்தகம் முடிய 14 மாதம் ஆனது. நடுவில் வயிற்றுப்பாட்டுக்குக் கல்யாணப் பத்திரிகையும் வரைந்தேன். உங்கள் கணக்குப்படி அது 22 நாள் வேலை. 2018இல் வரைந்த அந்தப் புத்தகம் எங்கே, ஐயா?

மேட்டுப்பாளையம் பஸ்:
நீலகிரியில் மழை ஜூன், ஜூலையில்தானே? இவர் நவம்பர் என்கிறாரே.

கோத்தகிரி மைக்கூடு:
கூடலூர், நடுவட்டம் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கோத்தகிரி, குன்னூர் கிழக்குச் சரிவு, எங்களுக்கு வடகிழக்குதான் பெரிய மழை. 2009 நவம்பர் மண்சரிவை மறந்துவிட்டீர்களா? இப்போது நான் வரைவதே அந்த ராத்திரியைத்தான். அதற்காகப் பக்கத்து ஹட்டியில், அதாவது படகர் ஊரில், ஒரு பாட்டியிடம் மூன்று சாயங்காலம் உட்கார்ந்து கேட்டேன். சுவர் சாய்ந்த திசையைக் கையால் காட்டினார், அந்தக் கையைத்தான் முதல் கட்டத்தில் வரைந்தேன். போனை அணைத்துவிட்டு அறையில் இருந்திருந்தால் அந்தக் கை எனக்குக் கிடைத்திருக்குமா? தனிமை, தனிமை என்கிறீர்கள். முடித்த பக்கத்தைக் காட்ட இங்கே ஆள் கிடையாது. ஒரு தோள் தப்பாக இருப்பது நாலு நாள் கழித்துத்தான் கண்ணில் படும். தாளைக் கண்ணாடிக்கு முன்னால் பிடித்துத் திருப்பிப் பார்த்துக்கொள்கிறேன்.

சிவகாசிப் பிரியன்:
1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கியதில் இருந்து வாங்குகிறவன் நான். நமக்குத் தமிழில் கிடைத்தவை பெரும்பாலும் வெளிநாட்டுக் கதைகள். அங்கே பல புத்தகங்களில் பென்சிலுக்கு ஒருவர், மைக்கு ஒருவர், எழுத்துக்கு ஒருவர். தனி ஆளுக்கு 3 பக்கம் நடக்காது. ஆனால் மைக்கூடு அவர்களே, நீங்களும் ரொம்பப் பேசாதீர்கள். உங்கள் புத்தகத்துக்கு முன்பணம் கட்டி மூன்று மாதம் காத்திருந்தேன், புத்தகம் மூலை மடங்கி வந்தது.

கொடைமேகம்:
பார்த்தீர்களா! சொன்ன தேதிக்குப் புத்தகம் தர முடியாதவர் எனக்குக் கணக்குச் சொல்ல வந்துவிட்டார்.

கோத்தகிரி மைக்கூடு:
தாமதத்துக்கு அப்போதே மன்னிப்புக் கேட்டுக் கடிதம் வைத்தேன். மேட்டுப்பாளையம் சாலையில் மண் சரிந்து பார்சல் கீழே இறங்கவே இல்லை. மூலை மடங்கியது கூரியரில். அதற்கும் 3 பக்கத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒரே ஒரு நாளில் வரைந்த 3 பக்கத்தைத் தேதியோடு இங்கே போடுங்கள்.

கொடைமேகம்:
வீடு மாறினபோது பெட்டியில் கட்டி வைத்தது. தேடி எடுத்துப் போடுகிறேன். உங்களுக்கு நிரூபிக்க வேண்டும் என்று எனக்கு அவசியமில்லை.

நடுவட்டத்தான்:
பென்சில் பக்கமா, மை பக்கமா? கேட்டு ரெண்டு நாள் ஆச்சு.

சிவகாசிப் பிரியன்:
கூரியர் மேல் பழி போடாதீர்கள். உள்ளே அட்டை வைத்துக் கட்டவில்லை.

கோத்தகிரி மைக்கூடு:
ரெண்டு பக்கமும் அட்டை வைத்துத்தான் கட்டினேன்! கட்டின படம் இருக்கிறது, தேதியோடு போடுகிறேன். கொடைமேகம், நீங்களும் போடுங்கள். 3 பக்கம்.