'சங்கம்' படத்தில் கோபால் செய்தது தியாகமா? ராதாவை யார் கேட்டார்கள்?

கீதமாலா ரசிகை எழுதியது:

ராஜ் கபூரின் 'சங்கம்' (1964) பற்றி ரொம்ப நாளாக மனதில் கிடக்கும் ஒரு கேள்வி. பழைய இந்திப் படங்களை நன்றாகத் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறீர்கள், அதனால் கேட்கிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுந்தர் (ராஜ் கபூர்), கோபால் (ராஜேந்திர குமார்), ராதா (வைஜயந்திமாலா) மூவரும் சிறு வயதிலிருந்தே ஒன்றாக வளர்ந்தவர்கள். சுந்தருக்கு ராதா மீது உயிர். ராதாவுக்குப் பிடித்தது கோபாலை. சுந்தர் விமானப் படையில் சேர்ந்து கிளம்பும்போது, தான் திரும்பும் வரை ராதாவுக்கும் தனக்கும் நடுவில் வேறு எந்த ஆணும் வராமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிக் கோபாலிடம் வாக்கு வாங்குகிறான். காஷ்மீரில் அவன் விமானம் வீழ்த்தப்பட, செத்துவிட்டான் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். கோபாலும் ராதாவும் மனம் விட்டுப் பேசிக் கல்யாணம் வரை வருகிறார்கள். அப்போது சுந்தர் உயிரோடு திரும்புகிறான். கோபால் ஒதுங்கிக்கொள்ள, ராதா சுந்தருக்கு மனைவியாகிறாள்.

கோபால் ஒதுங்கியதைத்தான் படம் பெரிய தியாகமாகக் கொண்டாடுகிறது. கொட்டகையில் அழாதவர்கள் குறைவு, நானும் அழுதேன். ஆனால் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் எனக்குக் கோபம்தான் கூடுகிறது. விட்டுக்கொடுக்க ராதா என்ன கோபாலின் சொத்தா? தன் காதலை அவன் துறக்கலாம், அது அவனுடையது. ராதாவின் காதலை அவளைக் கேட்காமல் எடுத்து நண்பனிடம் கொடுக்க அவன் யார்?

பாட்டுகளைக் கவனித்தால் இது இன்னும் தெளிவாகிறது. 'யே மேரா பிரேம் பத்ர்' பாட்டில் முகமது ரஃபியின் குரலில் கோபால் கடிதம் எழுதுகிறான், லதாவின் குரலில் ராதா பதில் பாடுகிறாள். ஹஸ்ரத் ஜெய்ப்பூரி எழுதியது. அந்தப் பாட்டைப் போல இளகிய காதல் பாட்டு சங்கர் ஜெய்கிஷன் இசையில்கூடக் கொஞ்சம்தான். பிறகு அந்தக் கடிதம்தான், கீழே கையெழுத்து இல்லாத அதே கடிதம்தான், சுந்தர் கையில் சிக்கி வீட்டையே எரிக்கிறது. எழுதியவன் பெயரைச் சொல்லாமல் ராதா வதைபடுகிறாள். கோபாலின் தியாகத்துக்கு நாள்தோறும் விலை கொடுப்பது அவள்தான்.

முகேஷ் பாடிய 'தோஸ்த் தோஸ்த் நா ரஹா' காட்சியைப் பாருங்கள். சுந்தர் பியானோ முன் உட்கார்ந்து பாடுகிறான். கோபாலும் ராதாவும் நெளிந்துகொண்டு கேட்கிறார்கள். என் காதலை நம்பி உன்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போனேனே, அந்த நண்பன் நீதானே என்கிறது ஷைலேந்திராவின் வரி. ஒப்படைத்த பொருளாகத்தான் அவள் அங்கே இருக்கிறாள். படம் முழுக்க ராதாவுக்கு என்று தனியாக ஒரு சோகப் பாட்டு கிடையாது. தனிப்பாட்டு என்று கிடைத்தது ஐரோப்பாவில் கணவனைச் சீண்டிப் பாடும் 'மைன் கா கரூன் ராம்' மட்டும். அவளுக்கும் ஒரு பாட்டு கொடுத்திருந்தால் படத்தின் நியாயமே மாறியிருக்கும் என்பது என் எண்ணம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

மாதுங்காக்காரன் எழுதியது:

அக்கா, கோபாலுக்காக நான் கொஞ்சம் வாதாடுகிறேன். அவன் கொடுத்த வாக்கை மறக்காதீர்கள். சண்டை நடக்கும் இடத்துக்குப் போகிறவனிடம் கொடுத்த வாக்கு அது. சீனப் போர் முடிந்து இரண்டு வருடம்கூட ஆகாத நேரத்தில் வந்த படம். எல்லையிலிருந்து உயிரோடு திரும்பிய ஒருவன் முன்னால், நீ இல்லாதபோது நாங்கள் இருவரும் ஒன்றாகிவிட்டோம் என்று சொல்ல அன்றைய கொட்டகையில் எந்த நாயகனுக்கும் வாய் வந்திருக்காது. கோபால் கோழை இல்லை. அவனுக்கு இரண்டு பக்கமும் கடன், ஒரு பக்கத்தை அடைத்தான்.

அடுத்தது, ராதாவுக்குப் பாட்டே இல்லை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 'ஓ மேரே சனம்' இருக்கிறதே! சிவரஞ்சனி ராகத்தில் அமைந்த பாட்டு, முகேஷும் லதாவும். சுந்தர் தன் சந்தேகத்தைப் பாடுகிறான். அப்புறம் லதா எடுக்கும் சரணத்தைக் கேளுங்கள். நம் சேர்க்கை கங்கையும் யமுனையும் கலந்த சங்கமம், கடந்து போனது ஒரு கனவு, இது மனிதர்கள் வாழும் பூமி, நாமும் மனிதர்கள்தானே என்று வரும். ராதாவின் மனசு முழுவதும் அந்தச் சரணத்தில் இருக்கிறது. நடந்ததை அவள் மறுக்கவும் இல்லை, அதற்காகக் காலில் விழவும் இல்லை. அந்தக் காலத்துப் படத்தில் ஒரு மனைவி இவ்வளவு பேசியது பெரிய விஷயம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

---

கீதமாலா ரசிகை எழுதியது:

மாதுங்கா சார், அந்தச் சரணம் எனக்கும் உயிர். நீங்கள் அதை எடுத்து வைத்ததில் சந்தோஷம். ஆனாலும் அது கணவனைச் சமாதானப்படுத்தும் பாட்டு. அவன் எழுப்பிய சந்தேகத்துக்கு அவள் சொல்லும் பதில். யாரும் கேள்வி கேட்காதபோது, தனியாக இருக்கும்போது அவள் என்ன நினைக்கிறாள்? கோபால் மேல் அவளுக்குக் கோபம் இருந்ததா, இல்லையா? அதற்குப் பாட்டு இல்லை என்றுதான் சொல்கிறேன்.

வாக்கு விஷயமும் அப்படித்தான். அந்த வாக்கைக் கேட்டவன் சுந்தர், கொடுத்தவன் கோபால். அது யாரைப் பற்றிய வாக்கோ அவள் அதில் சேரவே இல்லை. சுந்தர் கெட்டவன் என்று நான் சொல்லவில்லை. ராஜ் கபூர் அவனை அத்தனை வெள்ளை மனதோடு நடித்திருக்கிறார், அதனால்தான் அவனிடம் யாராலும் உண்மையைச் சொல்ல முடியவில்லை. கடைசியில் கோபால் தன்னையே சுட்டுக்கொண்டு சாகிறான். முதல் தடவை ஒதுங்கியபோதும் ராதாவைக் கேட்கவில்லை, இரண்டாம் தடவை உயிரை விட்டபோதும் கேட்கவில்லை.

---

தாராபுரத்தான் எழுதியது:

இந்தக் கேள்விக்குப் பதில் 'சங்க'த்துக்கு முந்தின வருடமே வந்துவிட்டது என்பேன். 'தில் ஏக் மந்திர்' (1963). அதே ராஜேந்திர குமார், அதே சங்கர் ஜெய்கிஷன். நம் ஸ்ரீதர் 1962இல் எடுத்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' படத்தைத்தான் அவரே இந்தியில் மறுபடி எடுத்தார்.

அங்கே புற்றுநோயோடு ஆஸ்பத்திரிக்கு வருகிறான் கணவன் (ராஜ் குமார்). சிகிச்சை செய்ய வேண்டிய டாக்டர் அவன் மனைவியின் பழைய காதலன். நான் இறந்துவிட்டால் நீ அவரைக் கல்யாணம் செய்துகொள் என்று கணவன் மனைவியிடம் சொல்கிறான். அக்கா சொல்லும் அதே காரியம்தான், ஒரு ஆண் தன் மனைவியை இன்னொருவனிடம் ஒப்படைக்கப் பார்க்கிறான். ஆனால் இங்கே அதை அவள் முகத்துக்கு நேரே சொல்கிறான், அவளுக்குப் பதில் சொல்ல இடம் கிடைக்கிறது. அந்தப் பதில்தான் தமிழில் சுசீலா அம்மா பாடிய 'சொன்னது நீதானா', இந்தியில் லதாவின் 'ஹம் தேரே பியார் மேன்'. உன் அன்பில் உலகத்தையே தொலைத்துவிட்டேன், அதைப் போய் மறக்கச் சொல்கிறாயே என்று மீனா குமாரி கேட்கும்போது, கேட்டவன் வாயடைத்துப் போகிறான். தியாகம் செய்ய வந்தவனை 'உனக்கு அந்த உரிமை இல்லை' என்று தடுத்து நிறுத்திய பாட்டு இது.

டாக்டர் அந்தக் கணவனைப் பிழைக்க வைத்துவிட்டுத் தான் சாகிறார். ராஜேந்திர குமாருக்கு இரண்டு படத்திலும் சாவுதான் எழுதியிருக்கிறது. ஆனால் டாக்டர் யாரையும் யாருக்கும் கொடுக்கவில்லை. தன் வேலையைச் செய்தார், அவ்வளவுதான். அதனால்தான் அவர் மேல் நமக்குக் கோபம் வருவதில்லை.

---

பழைய ரிக்கார்டு எழுதியது:

மெஹபூப் கானின் 'அந்தாஸ்' (1949) பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே. திலீப் குமாரும் ராஜ் கபூரும் சேர்ந்து நடித்த ஒரே படம், நடுவில் நர்கிஸ். பியானோவில் உட்கார்ந்து மனதில் இருப்பதைக் கூட்டத்துக்கு நடுவே பாடிவிடும் வழக்கத்தை இந்திப் படத்தில் ஊன்ற வைத்ததில் அந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

அதில் இசையமைப்பாளர் நௌஷாத் திலீப் குமாருக்கு முகேஷையும், ராஜ் கபூருக்கு ரஃபியையும் பாட வைத்தார். பிற்காலத்தில் முகேஷ் என்றாலே ராஜ் கபூர் என்று ஆன பிறகு இதைக் கேட்டால் நம்பவே முடியாது. பதினைந்து வருடம் கழித்து, 'சங்க'த்தில் பியானோ முன் உட்கார்ந்து முகேஷின் குரலில் பாடுகிறவர் ராஜ் கபூர். 'அந்தாஸி'ல் அவருடைய பாத்திரம் சந்தேகப்படும் கணவன், பியானோவில் ஏங்குகிறவன் வேறொருவன். 'சங்க'த்தில் சந்தேகமும் பியானோவும் ஒரே ஆளிடம் வந்துவிட்டன. மூன்றாமவனுக்கு மனதைக் கொட்ட இடமே இல்லை, அவன் துப்பாக்கியைத் தேடிப் போகிறான். கோபாலை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

பெண்ணின் நிலையைப் பார்த்தால் 'அந்தாஸ்' இன்னும் கொடுமை. நர்கிஸ் திலீப் குமாரிடம் சிநேகமாகச் சிரித்துப் பேசியதுதான் அவள் செய்த தவறு என்று படம் தீர்ப்பு எழுதி அவளை ஜெயிலுக்கு அனுப்புகிறது.

---

மாதுங்காக்காரன் எழுதியது:

1964இலேயே இன்னொரு படம் இருக்கிறது, பெண்ணைப் பங்கு போடாமல் நட்பின் தியாகத்தைச் சொன்ன படம். சத்யேன் போஸ் இயக்கிய 'தோஸ்தி'. அந்த வருடம் சிறந்த படத்துக்கான பிலிம்ஃபேர் விருதைப் பெற்றது 'தோஸ்தி'தான். 'சங்க'த்துக்காக ராஜ் கபூருக்குச் சிறந்த இயக்குநர், வைஜயந்திமாலாவுக்குச் சிறந்த நடிகை விருதுகள் கிடைத்தன.

கால் ஊனமுற்ற ராமு மவுத் ஆர்கன் வாசிப்பான், கண் தெரியாத மோகன் பாடுவான். அந்த மவுத் ஆர்கனை உண்மையில் வாசித்தவர் ஆர். டி. பர்மன், இசை லட்சுமிகாந்த் பியாரேலால். ராமுவின் படிப்புக்காக இருவரும் பிரிய நேர்ந்த பிறகு, 'சாஹூங்கா மைன் துஜே' என்று மோகன் பாடிக்கொண்டே போகிறான். காலையும் மாலையும் உன்னை நேசிப்பேன், ஆனால் இனி உன் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டேன் என்று பொருள். மஜ்ரூ சுல்தான்புரி எழுதி ரஃபி பாடியது. அதில் மோகன் விட்டுக்கொடுப்பது தன்னுடையதை மட்டும். அக்கா தேடும் தியாகம் இதுதான் என்று நினைக்கிறேன்.

---

கீதமாலா ரசிகை எழுதியது:

ஆமாம் சார், மோகனிடம் எனக்கு ஒரு குறையும் இல்லை. கூப்பிட மாட்டேன் என்கிறான், தன் தொண்டையைத்தான் அடக்கிக்கொள்கிறான், வேறு யாருடைய வாயையும் அடைக்கவில்லை.

'ஹம் தேரே பியார் மேன்' பாட்டை நான் தனியாகத்தான் கேட்டிருக்கிறேன், காட்சியோடு பார்த்ததில்லை. தாராபுரத்துத் தம்பி சொன்ன பிறகு, 'நெஞ்சில் ஓர் ஆலய'த்தையும் அதையும் அடுத்தடுத்துப் பார்க்கப் போகிறேன். தமிழில் நடித்த தேவிகா, இந்தியில் நடித்த மீனா குமாரி இருவரில் யார் அந்தக் கேள்வியைக் கோபத்தோடு கேட்கிறார்கள், யார் அழுதுகொண்டு கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.