இடர்க்குறி: ‘உயிர்பிழைப்பு முன்கணிப்பான்’ என்பதற்கு மாற்றாக

அனைவருக்கும் வணக்கம்.

> இதய அறுவைக்குப் பின் யார் பிழைப்பார் என்று முன்கூட்டிக் காட்டும் இரத்தப் பொருள்களை ‘உயிர்பிழைப்பு முன்கணிப்பான்’ எனலாமா?

ஐயா, சொல் புரிகிறது. ஆனால் அந்தப் பொருள்கள் செய்யாத வேலையை அவற்றின் தலையில் கட்டுகிறது. டிரோபோனின் எதையும் கணிப்பதில்லை. அது இதயத் தசையில் இருக்கும் புரதம். தசை அடிபட்டால் இரத்தத்தில் கசிகிறது, அவ்வளவுதான். கணிப்பவர் மருத்துவர். அதுவும் வயது, சிறுநீரகம், இதயத்தின் பம்ப் திறன், அறுவை அவசரமானதா என்று பலவற்றைச் சேர்த்துப் பார்த்துத்தான். இதய அறுவையில் இறப்பு இடர் எவ்வளவு என்று கணக்கிடும் யூரோஸ்கோர் 2-ல் ஒரு டஜனுக்கு மேல் கேள்விகள் உண்டு. இரத்தப் பரிசோதனையிலிருந்து அதற்குள் போவது, சிறுநீரகம் வெளியேற்றும் கழிவுப்பொருளான கிரியேட்டினின் ஒன்றுதான்.

பைபாஸ் முடிந்த மறுநாள் காலை ஐசியு வாசலில் நிற்கும் மகனை நினைத்துப் பாருங்கள். கையில் அறிக்கை. டிரோபோனின் ஐ 2,000, இயல்பு 26-க்குள், பக்கத்தில் தடித்த எழுத்தில் ‘அதிகம்’. நெஞ்சுவலியோடு வந்தவருக்கு இந்த எண் வந்திருந்தால் மாரடைப்பு என்று எல்லோரும் ஓடியிருப்பார்கள். இங்கோ பெருந்தமனியைக் கவ்வி அடைத்து, இதயத்தை நிறுத்தி, தைத்து, மறுபடி ஓட விட்டிருக்கிறார்கள். தசை அடிபடாமல் இருக்குமா?

2022-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த விஷன் ஆய்வு 12 நாடுகளில் 13,862 பேரைப் பின்தொடர்ந்தது. 30 நாளுக்குள் இறந்தவர்கள் 296 பேர், அதாவது 2.1 விழுக்காடு. பைபாஸ் அல்லது பெருந்தமனி வால்வு அறுவை மட்டும் செய்துகொண்டவர்களிடம், முதல் நாளுக்குள் எடுத்த டிரோபோனின் லிட்டருக்கு 5,670 நானோகிராமை எட்டிய பிறகே இறப்பு இடர் கூடியது தெளிவாகத் தெரிந்தது. இயல்பு உச்சவரம்பைப்போல் 218 மடங்கு! அதுவரை புழக்கத்தில் இருந்த மாரடைப்பு வரையறை பத்து மடங்கிலேயே சந்தேகப்படச் சொன்னது. 5,670-ஐத் தாண்டியவர் எல்லோரும் போய்விட்டார்கள் என்றோ, தாண்டாதவர் எல்லோரும் பிழைத்தார்கள் என்றோ இதற்குப் பொருளில்லை. அந்த எண் இடர் எவ்வளவு என்று காட்டுகிறது, தீர்ப்புச் சொல்வதில்லை.

அதனால் என் பரிந்துரை: இடர்க்குறி.

‘குறி’ நம் மருத்துவத்தில் ஊறிய சொல். சித்த மருத்துவத்தின் நெய்க்குறியில் சிறுநீரின் மேல் நல்லெண்ணெய்த் துளி விடுவார்கள்; அது பாம்பாய் நீண்டால் வாதம், மோதிரமாய்ப் பரந்தால் பித்தம், முத்தாய் நின்றால் கபம். எண்ணெய் காட்டும், வைத்தியர் சொல்வார். குறி சொல்கிறவர்களின் வாடை அடிக்கிறதே என்று நம் குழுவின் அம்மா ஒருவர் போன மடலில் கேட்டிருந்தார். ‘அறிகுறி’யில் அடிக்காத வாடை இதில் மட்டும் ஏன் அடிக்கவேண்டும்? ‘ஆபத்துக்குறி’ என்று வைத்தால்தான் வம்பு. அந்த மகன் அங்கேயே மயங்கி விழுவான்.

‘இடர்க்காரணி’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இதை வைத்தால் இன்னொரு லாபமும் இருக்கிறது. புகைபிடித்தல் காரணி, நிறுத்தினால் இடர் குறையும். என்டி-புரோபிஎன்பி என்ற இரத்தப் பொருள் வெறும் குறி. இதய அறைச் சுவர் இழுபடும்போது உண்டாகும் மூலப் புரதத்திலிருந்து ஹார்மோனை வெட்டியெடுத்த பின் மிஞ்சுகிற துண்டு அது. ஹார்மோன் வேலை அதற்குக் கிடையாது. அதை மட்டும் வடிகட்டி எடுத்தால் இதயம் தேறிவிடாது. (அந்த ஹார்மோனை 1988-ல் ஜப்பானியர் பன்றி மூளையில் கண்டுபிடித்ததால் ‘பிஎன்பி’ என்ற பெயரின் முதல் எழுத்தில் ‘மூளை’ (brain) ஒட்டிக்கொண்டது. மனிதரில் பெரும்பாலும் சுரப்பது இதயத்தின் கீழறைகளில். தயவுசெய்து யாரும் ‘மூளைநீர்’ என்று கிளம்பிவிடாதீர்கள்.)

அப்புறம், ‘முன்கணிப்பு’ என்ற சொல் ஏற்கெனவே இரண்டு பொருளுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவும் மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச்சும் 2016-ல் வெளியிட்ட சொல்லடைவு அவற்றைத் தனித்தனியே வைக்கிறது. நோயாளிக்கு என்ன நேரக்கூடும் என்று காட்டுவது ஒன்று. குறிப்பிட்ட சிகிச்சை யாருக்குப் பலிக்கும் என்று காட்டுவது மற்றது. மார்பகப் புற்றில் ஹெர்2 என்ற புரதம் மிகுந்திருந்தால் டிராஸ்டுசுமாப் என்ற மருந்தைக் கொடுக்கிறோமே, அதுபோல. முதலாவது இடர்க்குறி, இரண்டாவது பலன்குறி என்றால் குழப்பம் தீரும். டிரோபோனின், திசுக்களுக்கு ஆக்சிஜன் போதாதபோது கூடும் லாக்டேட், கிரியேட்டினின் எல்லாம் இதய அறுவையில் முதல் வகை. ‘முன்கணிப்பு’ம் வீணாகாது; யூரோஸ்கோர் போன்ற கணக்குகளுக்கு அது கச்சிதமாகப் பொருந்தும்.

குருதியா இரத்தமா என்ற சண்டைக்கு நான் வரவில்லை. இலங்கை நண்பர்கள் குருதி என்பார்கள், தமிழ்நாட்டு லேப் ரசீது இரத்தம் என்று சொல்லும். இடர்க்குறி இரண்டோடும் ஒட்டும்.

ஒரு வாக்கியத்தில் போட்டுப் பார்த்தேன்: “அறுவைக்கு முன் எடுத்த இடர்க்குறிகளில் கிரியேட்டினின் மட்டும் கூடுதலாக இருந்ததால், முதலில் சிறுநீரக மருத்துவரிடம் அனுப்பினார்கள்.” எங்கேயாவது நாக்குத் தடுக்கினால் சொல்லுங்கள்.